மியூசியத்துக்குள்ளயே உக்காந்து படிச்ச ஒரு வருஷம்: ஆர்ட் தியரி பிஜி டிப்ளமோ ரிவ்யூ

போன வருஷம் முழுக்க ஒரு மியூசியம் நடத்துற பிஜி டிப்ளமோ படிச்சேன், கலை வரலாறும் கிரிட்டிக்கல் தியரியும் சேர்ந்தது. பாளையங்கோட்டைல ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் வேல பாத்துட்டே சனி ஞாயிறு ஆன்லைன் கிளாஸ், நடுவுல ரெண்டு தடவ பத்து பத்து நாள் லீவு போட்டு அங்கயே போயி படிக்கணும். குறையும் சொல்லப்போறேன், அதனால மியூசியம் பேரு ஊரு பேரு ரெண்டும் போடல. இந்த மாதிரி கோர்ஸ் நம்ம நாட்டுல ஒன்னுரெண்டு இடத்துல நடக்கு, எதுல சேரப்போறியன்னாலும் இது உதவும்.

கிரிட்டிக்கல் தியரின்னா என்னட்டின்னு எங்க சித்தி கேட்டாக. ஒரு செலைய பாத்து அழகா இருக்குன்னு சொல்லுததோட நிப்பாட்டாம இத செய்யச் சொன்னது யாரு, காசு யாரு குடுத்தா, யாரு கையில இருந்து இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வந்துச்சு, பக்கத்துல எத வச்சிருக்காக, எத வைக்காம விட்டுட்டாக, அட்டைல என்ன வார்த்த எழுதிருக்காக, இதெல்லாம் கேக்குறதுதான் சித்தின்னு சொன்னேன். அவுகளுக்கு உடனே புரிஞ்சிட்டு. முதல் மூணு மாசம் எனக்கு அவ்வளவு லேசா புரியல, ஃபூக்கோ, பெஞ்சமின்னு தியரி எழுதுன பெரிய ஆளுங்க கட்டுரையெல்லாம் பிடிஎஃப்ல வந்து குமிஞ்சு கெடக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பக்கத்த நாலு தடவ வாசிப்பேன், அப்பவும் பாதிதான் நிக்கும்.

தெளிஞ்சது ஒரு கிளாஸ்ல. அமெரிக்காவுல ஃபிரெட் வில்சன்னு ஒரு கலைஞர், 1992ல பால்டிமோர்ல இருக்க மேரிலேண்ட் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டில, அவுக சேத்து வச்சிருந்த பொருளயே எடுத்து வேற மாதிரி அடுக்கிக் காட்டுனாரு. ஒரு பெட்டிக்குள்ள பளபளன்னு வெள்ளிக் கோப்பை, கூஜா எல்லாம் வச்சு, அதுங்க நடுவுல அடிமைங்க கால்ல பூட்டுன இரும்பு விலங்க வச்சாரு. அட்டைல ஒரே வரி, உலோக வேலை, 1793 முதல் 1880 வரை. அவ்வளவுதான். விளக்கம் ஒன்னும் கெடையாது. ரெண்டும் ஒரே காலம், ரெண்டும் ஒரே மியூசியத்துல இருந்தது, ஆனா வழக்கமா வெளிய காட்டுனது வெள்ளிய மட்டும்தான். அந்த ஒரு படத்த ஸ்கிரீன்ல பாத்ததும் நான் மூணு மாசமா வாசிச்சதெல்லாம் எனக்குள்ள ஒழுங்கா உக்காந்துச்சு.

நேர்ல போற பத்து நாளுதான் இந்தக் கோர்ஸோட உசுரு. காலேஜ்ல இதே பாடத்த புரொஜெக்டர்ல பாப்போம், இங்க ஒரே ஒரு பொருள் முன்னாடி காலைல இருந்து மத்தியானம் வர நிக்க வைக்காக, எழுத விடல, வரையவும் விடல, பாக்கணும் அவ்வளவுதான், கால் கடுக்கும், ஒரு மணி நேரம் கழிச்சுதான் பீடத்துல இருக்க சின்ன ஓட்டைங்க கண்ணுல படுது, ஊர்வலத்துல தூக்கிட்டுப் போக கம்பு சொருகுற ஓட்டை, அப்ப இது இப்பிடி அசையாம நிக்கதுக்கு செஞ்ச செலையே இல்லல்லா. அப்புறம் ஸ்டோருக்குள்ள கூட்டிட்டுப் போயி அக்சஷன் ரெஜிஸ்டர காட்டுனாக. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர், எப்பிடி வந்துச்சுன்னு ஒரு கட்டம், நன்கொடை, விலைக்கு வாங்குனது, புதையல்னு. 1878ல வெள்ளக்காரன் போட்ட புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ள பத்து ரூவாய்க்கு மேல மதிப்புள்ளது கெடச்சா கலெக்டர்ட்ட சொல்லணும், அப்பிடித்தான் தோட்டத்துல கெணறு தோண்டும்போதும் உழும்போதும் கெடச்ச எத்தனையோ சாமி செலைங்க மியூசியத்துக்கு வந்துருக்கு. ரெஜிஸ்டர்ல அந்த ஒரு கட்டத்த வாசிச்சா ஒரு ஊரு கதையே தெரியும். இத எந்தப் புக்குலயும் நான் பாத்ததில்ல.

ஃபைனல் ப்ராஜெக்ட்டுக்கு நம்ம ஊரு பக்கமே எடுத்தேன், ஆதிச்சநல்லூர், அந்தக் காலத்துல செத்தவுகள பெரிய மண் தாழில வச்சு பொதச்ச எடம். திருச்செந்தூர் பஸ்ல செய்துங்கநல்லூர் தாண்டி போனா வந்துரும், 1986க்கு முன்னாடி அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான். ஊர்க்காரங்க பறம்புன்னு சொல்லுவாக. 1876ல ஜெர்மனிக்காரரு யாகோர் வந்து தோண்டி எடுத்துட்டுப் போனது பெர்லினுக்கு போயிட்டு, 1899ல இருந்து 1905 வர தொல்லியல் துறை அலெக்சாண்டர் ரீ தோண்டுனது மெட்ராசுக்கு போயிட்டு. அங்க இருந்து எடுத்த இரும்பும் வெண்கலமும் தங்கப் பட்டமும் ஊர் ஊரா இருக்கு, எடுத்த எடத்துல ரொம்ப காலத்துக்கு ஒன்னும் கெடையாது. 2023 ஆகஸ்ட்லதான் அங்கயே சைட் மியூசியம் தொறந்தாக, தோண்டுன குழிய அப்பிடியே விட்டு மேல கண்ணாடி போட்டுருக்காக, நாம மேல நடந்து கீழ தாழிய குனிஞ்சு பாக்கலாம்.

எங்கம்மாவ கூட்டிட்டுப் போயிருந்தேன். கண்ணாடி மேல நடக்க பயந்து ஓரமாவே நின்னாக. தாழிய ரொம்ப நேரம் பாத்துட்டு "எங்க ஆச்சி வீட்டு குலுக்கை மாதிரில்லா இருக்கு, நெல்லு போட்டு வச்சது"ன்னாக. அப்புறம் செருப்ப கழட்டிட்டாக. யாரும் சொல்லல. நான் அந்த ஒரு நாள வச்சுத்தான் கட்டுரையே எழுதுனேன். அட்டைல புதைகுழி, காலம், அளவுன்னு இருக்கும், எங்கம்மாவுக்கு அது ஒரு வீட்டு ஆளு. ரெண்டுல எது சரின்னு கேள்வியே இல்ல, ஒரு மியூசியம் ரெண்டாவது பார்வைக்கு எங்க எடம் வச்சிருக்குன்னுதான் கேள்வி. செருப்பு போட்டு நடக்குற தரைக்குக் கீழ செத்தவுக இருக்காகன்னா அத எப்பிடி காட்டணும்னு பதினஞ்சு பக்கம் எழுதுனேன். எனக்கு ஒதுக்குன மேடம் வரிக்கு வரி குறிப்பு போட்டாக, "உங்க அம்மா இன்னும் என்ன சொன்னாங்க, அத ஏன் அடிக்குறிப்புல தள்ளுனீங்க, மேல கொண்டு வாங்க"ன்னு. அந்த ஒரு திருத்தத்துக்கே கட்டுன பணம் தகும்.

இப்ப குறை. வாசிக்கக் குடுத்த நூத்துக்கும் மேல கட்டுரைல தமிழ்ல ஒன்னு கூட இல்ல. நம்ம கோயில் செலைய பத்திப் பேசுத கிளாஸ்ல கூட ஸ்தபதிங்க சொல்லுத வார்த்த ஒன்னும் வரல, தாளம் (செலையோட அளவுக் கணக்கு), பங்கம் (ஒடம்பு வளைஞ்சு நிக்குற வாகு)னு நான் சொன்னா அத இங்கிலீஷ்ல சொல்லுங்கன்னாக. நெஞ்சு வலிச்சுது எனக்கு. திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள்ள அஞ்சு நிலைலயும் சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கு, கப்பல்ல குதிரை வந்து எறங்குறத வரைஞ்சிருக்காக, அத ஒரு செமினாருக்கு எடுக்கலாமான்னு கேட்டேன், சிலபஸ்ல எடமில்லன்னுட்டாக. அசைன்மென்ட் மார்க்கு ரெண்டு மாசம் லேட்டு. ஆன்லைன் கிளாஸ்ல பாதி நேரம் ஒருத்தரே பேசுவாக, கேள்வி கேக்க கடைசில அஞ்சு நிமிஷம்.

இன்னொன்னும் யோசிக்கணும். மியூசியத்துக்குள்ள உக்காந்து மியூசியத்தயே கேள்வி கேக்கச் சொல்லித்தராக, எது வர கேக்கலாம்? நியூயார்க் விட்னி மியூசியத்துல 1968ல இருந்து நடந்த படிப்பு புரோகிராம் இந்த வகைல ரொம்ப பழசு, பார்சிலோனால மாக்பாங்கிற நவீன கலை மியூசியமும் 2006ல இப்பிடி ஒன்னு ஆரம்பிச்சுது. 2025ல விட்னில அந்தப் புரோகிராம் சார்பா நடக்க இருந்த பாலஸ்தீனம் பத்துன ஒரு நிகழ்ச்சிய மியூசியமே ரத்து பண்ணிட்டு, அடுத்து புரோகிராமையே ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வச்சிட்டாக. சேருததுக்கு முன்னாடி பழைய பேட்ச் ஆளுங்கட்ட இத கேளுங்க, அவுக எழுதுனதுல எதையாவது மாத்தச் சொன்னாகளான்னு. எங்க கோர்ஸ்ல அப்பிடி யாரும் சொல்லல, அத நேர்மையா சொல்லிருதேன்.

டீச்சருங்க, கோயில் வேல பாக்குத ஆளுங்க, படம் வரையுத பிள்ளைங்க, பத்திரிகைல எழுதுதவுக தாராளமா சேரலாம். வேலைக்காக மட்டும்னா நல்லா யோசிங்க, இது டிப்ளமோ, எம்ஏ இல்ல, அரசு மியூசியம் போஸ்டுக்கு நோட்டிஃபிகேஷன்ல என்ன படிப்பு கேக்காகன்னு பாத்துட்டு பணத்த கட்டுங்க. ஃபீஸ், ரயிலு, தங்குற செலவு எல்லாம் சேத்தா லட்சத்த தாண்டிரும். தவணை உண்டான்னு அப்ளிகேஷன் போடும்போதே கேட்டுருங்க, எங்க பேட்ச்ல கேட்டவுகளுக்கு மட்டும்தான் குடுத்தாக.