‘80களின் பழைய சரக்கு’ என்று சென்ட் வாங்குபவர்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

என் மாமா 1985இல் பரிஸ் வந்தவர். கோப்பை கழுவி எடுத்த முதல் சம்பளத்தில் அவர் வாங்கிய சென்ட் ழாக் போகார்டின் ‘வன் மேன் ஷோ’. போன மாதம் அவருக்கு 60 வயது. அதே வாசத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

போகார்ட் 1975இல் பரிஸில் தொடங்கிய நிறுவனம். விலை குறைவு, வாசம் பலம். ‘வன் மேன் ஷோ’ 1980இல் வந்தது. கசக்கிய பச்சிலைக் கசப்போடு தொடங்கி, தோல், மரம், பாசி என்று இறங்கும். இரண்டு தரம் அடித்தால் மெட்ரோப் பெட்டியே மணக்கும். இன்றைக்கும் புதுப் போத்தல் பெரும்பாலும் 30 யூரோவுக்குள் கிடைக்கிறது.

நான் புதுசை வாங்கவில்லை. பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் ஒருவர், “80களின் சரக்கு, பழைய கலவை, பிரிக்காத பெட்டி” என்று போட்டிருந்தார். விலை 85 யூரோ. சென்டில் சேர்க்கும் ஓக் பாசியைக் கட்டுப்படுத்திய பிறகு கலவை மாறிவிட்டது, இப்போதையது பழையது போல இராது என்று எழுதினார். அதில் பொய் இல்லை. ஓக் பாசியில் இருக்கும், ஒவ்வாமை தரும் அட்ரனோல், குளோரோஅட்ரனோல் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை உள்ள பொருளை விற்கவே முடியாது. இவ்வளவு விபரம் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பிவிட்டேன்.

பரிசுதானே என்று பெட்டியைப் பிரிக்காமல், செயலியில் ‘எல்லாம் சரி’ என்பதை அமத்தினேன். அந்த நிமிடமே காசு அவருக்குப் போய்விட்டது.

மாமா மணிக்கட்டில் அடித்து மணந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “இது அது இல்லையடா தம்பி” என்றார். முதலில் வெறும் ஸ்பிரிட் மணம், பிறகு மலிவான சோப்பு மணம். அரை மணித்தியாலத்தில் ஒன்றுமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி நெரித்திருக்கும் உலோக வளையத்தில் குறட்டுத் தடம், ஒரு பக்கம் நெளிவு. பம்பைக் கழற்றி வேறெதையோ ஊற்றி, திரும்ப நெரித்து, மேலே புதுக் கண்ணாடித்தாள் சுற்றியிருக்கிறார்கள்.

பெட்டியும் 80களினது அல்ல. பின்னால் லிமோனின், லினலூல் என்று ஒவ்வாமை தரும் பொருட்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் மூடி திறந்த டப்பா படமும் ‘36எம்’ (திறந்த பிறகு 36 மாதம் பாவிக்கலாம்) என்ற எழுத்தும் இருந்தன. இந்த இரண்டையும் ஐரோப்பாவில் கட்டாயம் ஆக்கியதே 2005இல்தான். முதலே ஒரு படம் கேட்டு வாங்கியிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

செயலிக்காரரிடம் முறையிட்டேன். நான் ‘சரி’ என்று அமத்திவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். விற்றவரின் கணக்கு இப்போது இல்லை.

பழைய சென்ட் தேடுபவர்கள் பெட்டியின் பின்பக்கம், போத்தலின் கழுத்து, அடியில் உள்ள தொகுதி இலக்கம் மூன்றையும் படம் கேளுங்கள். இலக்கம் பெட்டியில் இருப்பதோடு பொருந்த வேண்டும். பரிசாக இருந்தாலும் பிரித்து, அடித்துப் பார்த்த பிறகே ‘சரி’ சொல்லுங்கள்.

மாமாவுக்குக் கடையில் புதுப் போத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பழையது போல இல்லைத்தான் என்கிறார். ஆனால் தினமும் வேலைக்கு அதையே அடித்துக்கொண்டு போகிறார்.