நாலு வருஷ மெம்ப்ரேனும் ஒரு கேன் நுரைக்கொல்லியும்

பெருந்துறைப் பக்கம் பால் யூனிட் வைத்திருக்கும் மாப்பிள்ளை ஒருவர் போன வாரம் போன் செய்தார். "ஈடிபிக்கு மெம்ப்ரேன் போடச் சொல்றாங்க, போடலாமுங்களா?" ஈடிபி என்றால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்; மெம்ப்ரேன் என்பது அதில் தண்ணீரை வடிகட்டும் நுண்துளைச் சவ்வு. அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலையில்தான் எங்கள் ஈடிபியின் ஆறு மாட்யூலில் (மெம்ப்ரேன் கட்டுகள்) இரண்டைக் கழற்றி, காய்ந்துவிடக் கூடாதென்று ஈரக் கோணி போர்த்தி வைத்துவிட்டு, புதிதுக்குப் பணம் கட்டியிருந்தேன்.

எங்களுடையது நாளைக்கு 20,000 லிட்டர் பால் எடுத்துத் தயிர், பனீர், நெய் செய்கிற இடம். கழிவுநீர் 35 கேஎல்டி, அதாவது நாளைக்கு 35,000 லிட்டர் சொச்சம். எம்பிஆர் (பாக்டீரியா அழுக்கைத் தின்ன, மெம்ப்ரேன் தண்ணீரை வடிகட்டும் முறை) எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் விற்க வருகிறவர்களே படம் போட்டுக் காட்டுவார்கள். அவர்கள் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீரைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஒரு தூசி கிடையாது. முன்பு மெம்ப்ரேனுக்குப் பதில் கிளாரிஃபையர், அதாவது கசடு அடியில் படியும் தொட்டி, இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை ஸ்லட்ஜ் (பாக்டீரியாக் கசடு) கீழே படியாமல் மேலே மிதந்து வெளியேறும்; தண்ணீரில் மிஞ்சிய அழுக்கைக் காட்டும் பிஓடி அளவு 30-ஐத் தாண்டாமல் இருக்கச் சாம்பிள் எடுக்கிற அன்று சாமி கும்பிடுவோம். இப்போது ரிப்போர்ட்டில் ஒற்றை இலக்கம்தான் வருகிறது. தென்னைக்கும் வண்டி கழுவவும் அந்தத் தண்ணீர்தான். உப்பை மட்டும் இது பிடிக்காது. நாம் பைப் கழுவ ஊற்றும் காஸ்டிக் சோடா வகையறா அப்படியே கரைந்து வந்துவிடும். பாய்லருக்கு விடலாம் என்று யாராவது சொன்னால், பின்னால் ஆர்ஓ வேண்டும் என்று அர்த்தம்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். அது கொழுப்பு என்றுதான் முதல் வருஷம் முழுக்க நினைத்தேன். டேங்குகளை 70, 80 டிகிரி சூட்டில் கழுவும்போது கொழுப்பு உருகித் தண்ணீரோடு தண்ணீராக எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் ஆயில் டிராப்பைத் தாண்டிவிடும். ஆறிய பிறகு உள்ளே போய் உறையும். கழுவின தண்ணீரை ஒரு தொட்டியில் ஆறவிட்டு அனுப்ப ஆரம்பித்ததும் பாதித் தலைவலி போயிற்று.

மீதிப் பாதிக்குப் பெயர் நுரை.

பனீர் திரித்த தண்ணீரை மாட்டுக்கு எடுத்துப் போக ஆள் வருவார். ஒருநாள் அவர் வரவில்லை. யாரோ வால்வைத் திறந்து அதை ஈடிபிக்கு விட்டுவிட்டார்கள். அதன் சிஓடி (இதுவும் அழுக்கின் அளவுதான்) ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கும். சாதாரணக் கழிவுநீரில் பழகின பாக்டீரியாவுக்கு அது ஒரே வேளையில் பத்து நாள் கல்யாண விருந்து. ராத்திரி ஒரு மணிக்கு ஆபரேட்டர் கூப்பிட்டார். "அண்ணா, நொரை செவுத்தத் தாண்டி ரோட்டுக்கு வந்துருச்சுங்ணா." ஷெட்டில் இருந்த நுரைக்கொல்லி கேனை ஊற்றச் சொன்னது நான்தான். அரை மணியில் நுரை அடங்கிவிட்டது, நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில், மெம்ப்ரேன் வழியாகத் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சு விசையைக் காட்டும் வேக்யூம் கேஜைப் பார்த்தால் மைனஸ் 0.45 பார். துளைகள் அடைபட அடைபட இது ஏறும். வழக்கமாக 0.1-ல் நிற்கும், 0.3 வந்தாலே கழுவ வேண்டும். ஹைப்போவில் (குளோரின் பிளீச் திரவம்) ஊறவைத்தோம், நன்றாக அலசிவிட்டுச் சிட்ரிக் ஆசிட் விட்டோம் (அலசாமல் விட்டால் குளோரின் வாயு கிளம்பும், ஆபரேட்டருக்கு இதைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்). மூன்று முறை இப்படிச் செய்தும் இரண்டு மாட்யூல்கள் அசையவே இல்லை. ஹைப்போ கரிமப் பிசுக்கை எடுக்கும், சிட்ரிக் ஆசிட் பாலின் கால்சியப் படிவை எடுக்கும். அந்தக் கேனில் இருந்தது சிலிகோன். அது மெம்ப்ரேன் துளைகளில் எண்ணெய்ப் பிசுபிசுப்பாக அப்பிக்கொண்டால், இரண்டுக்கும் மசியாது.

கையேட்டை எடுத்துப் புரட்டினேன். நாற்பது பக்கம் தாண்டி, பொடி எழுத்தில், சிலிகோன் கலந்த நுரைக்கொல்லி கூடாது என்று ஒரே ஒரு வரி. வால்வு திறந்தது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேனை எங்களுக்கு விற்றது மெம்ப்ரேன் போட்டுத் தந்த அதே ஆட்கள். எட்டு வருஷம் வரும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். கேட்டால், "கெமிக்கல் பிரிவு வேற சார்" என்கிறார்கள்.

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்: போடாதீங்க. இடம் இருந்தால் பெரிய கிளாரிஃபையராகக் கட்டிக்கொள்ளுங்கள், ராத்திரி தூக்கமாவது மிஞ்சும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீங்க மட்டும் எதுக்குங்க மறுபடி புதுசு வாங்கறீங்க?" என்றார்.

பழைய கிளாரிஃபையரை இடித்து, அந்த இடத்தில் நெய் குடோன் கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. பனீர் வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நானே வைத்திருக்கிறேன்.