பஸ் காசா, தையல் மெஷினா?

எச்.ஐ.வி.யோடு வாழும் மீனவக் குடும்பத்துக்கு எதைக் கொடுக்கலாம் என்று பலர் தயங்குகிறார்கள்.

செலவு: மருத்துவமனைக்குப் போய்வரும் பஸ் காசு மாதாமாதம். மெஷின் ஒரே தடவை.

உடல்நலம்: எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போய்வரக் காசு வேண்டுமே! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் காசு புரளாது. மாத்திரையை அடிக்கடி விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். இங்கே பஸ் காசுதான் முக்கியம்.

பாதுகாப்பு: அடிக்கிற கணவனைவிட்டு விலக, பெண்ணுக்குச் சொந்த வருமானம் வேண்டும். அதற்கு மெஷின். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

எதைக் கொடுத்தாலும் சரி, வாசலில் நின்று போட்டோ எடுக்காதீர்கள்; ஊருக்கே தெரிந்துவிடும்.

சிகிச்சையின் தொடக்கத்தில் இருப்பவருக்குப் பஸ் காசு. உடம்பு தேறிய பெண்ணுக்கு, முக்கியமாகக் கணவரை இழந்தவருக்கு, மெஷின்.