ஈஐஏ கன்சல்டன்ட்: பெரிய கம்பெனியா, லோக்கல் ஆளா, அரசு நிறுவனமா?

கெமிக்கல் ஃபேக்டரியோ சுரங்கமோ ஆரம்பிக்கணும்னா 2006 ஈஐஏ (ப்ராஜெக்ட்டால சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும்னு முன்கூட்டியே பண்ற மதிப்பீடு) நோட்டிஃபிகேஷன்படி முதல்ல என்விரான்மென்ட் கிளியரன்ஸ் வாங்கணும், அதுக்கு ரிப்போர்ட் எழுத ஒரு கன்சல்டன்ட் வேணும். இந்தியாவுல இந்த மார்க்கெட்ல மூணு வகை ஆளுங்க இருக்காங்க, கொட்டேஷன் வாங்கிப் பார்த்தா மூணுக்கும் ரேட் ஏணி வச்சாலும் எட்டாத அளவுக்கு வித்தியாசப்படும், அதப் பார்த்து மிரண்டு போய் கம்மி ரேட்ட புடிச்சுடுவாங்க நிறைய பேர்.

கொட்டேஷன பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. 2016-லேர்ந்து நாபெட் அக்ரெடிடேஷன் (கன்சல்டன்ட்டுங்களுக்கு தேசிய அளவுல குடுக்குற தகுதி அங்கீகாரம்) இருக்குறவங்க மட்டும்தான் ஈஐஏ ரிப்போர்ட் போட முடியும்னு சட்டமாவே ஆயிடுச்சு. அதுலயும் அக்ரெடிடேஷன் செக்டார் வாரியா குடுக்குறாங்க, மைனிங்குக்கு மட்டும் வச்சிருக்கவர் உங்க டிஸ்டிலரிக்கு எழுத முடியாது. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னு சொல்ற ஆளுங்க வேற ஒருத்தரோட சர்டிஃபிகேட்ல ரிப்போர்ட் ஓட்டுவாங்க, அங்கயே கட் பண்ணிடுங்க.

முதல்ல வெளிநாட்டு பேர் வச்ச பெரிய கம்பெனிங்க. இஆர்எம், ராம்போல் மாதிரி. உங்க ப்ராஜெக்ட்டுக்கு ஐஎஃப்சி (உலக வங்கி குழுமத்துல தனியார் ப்ராஜெக்ட்டுக்கு கடன் குடுக்குற அமைப்பு) மாதிரி இடத்துலேர்ந்து கடன் வருதுன்னா இவங்கள விட்டா வேற வழி கம்மி, ஏன்னா அந்த பேங்குங்க கேக்குறது நம்ம ஊர் ரிப்போர்ட் மட்டும் இல்ல, ஐஎஃப்சியோட 8 பெர்ஃபார்மன்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது தொழிலாளர் நிலைமை, நிலம் போனவங்களோட பிழைப்பு, பயோடைவர்சிட்டி எல்லாத்தையும் தனித்தனியா அலசச் சொல்லும். அத எழுதிப் பழகின டீம் இவங்ககிட்டதான் இருக்கு. ஆனா காத்து, தண்ணி சாம்பிள் எடுக்க பல நேரம் இவங்களும் இங்க இருக்குற லேப்புக்குத்தான் சப்-கான்ட்ராக்ட் விடுவாங்க. வெளிநாட்டுப் பணமே இல்லாத ப்ராஜெக்ட்டுக்கு இவங்கள புடிக்கிறது என்னைக் கேட்டா வீண் செலவு.

லோக்கல் கன்சல்டன்ட்டுங்கதான் ஸ்டேட் லெவல் வேலையில பெரும்பாலும் ஓடுறாங்க. கிளியரன்ஸுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ற பரிவேஷ் போர்ட்டல்ல எந்த ஃபைல எப்படி ஏத்தணும், ஸ்டேட் கமிட்டி எந்த இடத்துல குடையும், பொல்யூஷன் போர்டுல ஃபைல் எங்க நிக்குது எல்லாம் அத்துப்படி. பப்ளிக் ஹியரிங் அன்னிக்குத்தான் இவங்க அருமை தெரியும், கலெக்டர் உக்காந்திருக்க, எதிர்ல ஊரே திரண்டு நிக்க, "எங்க போர் தண்ணி கெட்டுப்போச்சுன்னா யார் பொறுப்பு"ன்னு ஒரு பாட்டி கேக்கும்போது அவங்களுக்குப் புரியுற தமிழ்ல பதில் சொல்ல ஆள் வேணும்ல. பலவீனம் என்னன்னா காப்பி பேஸ்ட். ஒரே ஆள் பேர பல ரிப்போர்ட்ல எக்ஸ்பர்ட்டா போடுறது, பக்கத்து மாவட்ட ரிப்போர்ட்ல இருந்த பறவை லிஸ்ட்ட அப்படியே ஒட்டுறது எல்லாம் நடக்கும்.

அதுக்காக காப்பி அடிக்கிறது சின்ன ஆஃபீஸோட வியாதின்னு நினைக்காதீங்க. மகாராஷ்டிரா ரத்னகிரியில ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குப் போட்ட ஈஐஏ, ரஷ்யாவுல இருக்குற ஒரு பாக்சைட் சுரங்கத்தோட ரிப்போர்ட்லேர்ந்து எடுத்ததுன்னு நாடே சிரிச்சுது. அத எழுதினது உலகம் பூரா ஆஃபீஸ் வச்சிருக்க கம்பெனி.

மூணாவது அரசு, யூனிவர்சிட்டி பக்கம். நாக்பூர்ல 1958-ல ஆரம்பிச்ச மத்திய அரசோட சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் நீரி, இங்க அண்ணா யூனிவர்சிட்டி. கோர்ட் கேஸ்னு வந்தா இவங்க ரிப்போர்ட்டுக்கு இருக்குற மதிப்பு வேற, ஸ்டெர்லைட் வழக்குல கோர்ட்டே நீரியத்தான் ஆய்வு பண்ணச் சொல்லுச்சு. கடற்கரை ப்ராஜெக்ட்னா சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) மேப் அங்கீகாரம் உள்ள சில நிறுவனங்கதான் போட்டுத் தர முடியும், அதுல அண்ணா யூனிவர்சிட்டியோட ரிமோட் சென்சிங் இன்ஸ்டிட்யூட்டான ஐஆர்எஸ் ஒண்ணு, அங்க உங்களுக்கு சாய்ஸே பெருசா இல்ல. ஆனா அவசரத்துக்கு ஆகாது, ப்ரொஃபசருக்கு கிளாஸ் இருக்கும், பரிட்சை இருக்கும், உங்க ஃபைல் அதோட வரிசையில நிக்கும்.

இந்த மூணு பேருக்கும் பொதுவா ஒரு சிக்கல் இருக்கு, காசு குடுக்குறது ப்ராஜெக்ட் ஓனர். குஜராத்ல ஃபேக்டரி பொல்யூஷன் ஆடிட்டர்கள வச்சு எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட எகனாமிஸ்ட்டுங்க ஒரு சோதனை பண்ணி 2013-ல வெளியிட்டாங்க. ஆடிட்டர ஃபேக்டரியே தேர்ந்தெடுக்காம குலுக்கல்ல ஒதுக்கி, சம்பளத்த பொது ஃபண்டுலேர்ந்து குடுத்து, எடுத்த ரீடிங்க மறுபடி செக் பண்ணப்போ, பொய்யா "லிமிட்டுக்குள்ள இருக்கு"ன்னு எழுதுறது 80 சதவீதம் குறைஞ்சுது, ஃபேக்டரிங்க விடுற மாசும் குறைஞ்சுது. ஈஐஏ பக்கம் அப்படி ஒரு முறை இன்னும் வரல, அதனால எந்த போர்டு மாட்டின ஆஃபீஸா இருந்தாலும் நான் நம்புறது ரா டேட்டாவ, அதாவது சைட்ல நேரா எடுத்த ரீடிங்கத்தான்.

பேசும்போதே கேளுங்க, சாம்பிள் எடுக்குற லேப்புக்கு என்ஏபிஎல் (லேப்போட தரத்துக்கான அங்கீகாரம்) இருக்கா, ஹைட்ரோஜியாலஜி (நிலத்தடி நீர்) எக்ஸ்பர்ட் யாரு, அவர் சைட்டுக்கு நேர்ல வருவாரா. பேஸ்லைன் டேட்டா, அதாவது ப்ராஜெக்ட் வர்றதுக்கு முன்னாடி அந்த இடம் எப்படி இருக்குன்ற அளவு, மழைக்காலம் இல்லாத ஒரு சீசன், மூணு மாசம் எடுக்கணும், நம்ம ஊர்ல வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லயே புடிச்சுக்கும், ஆகஸ்ட் கடைசியில அட்வான்ஸ் வாங்கிட்டு "டிசம்பர்ல ரிப்போர்ட் ரெடி"ன்னு ஒருத்தர் சொன்னா அந்த டேட்டா எங்கேர்ந்து வரப்போகுதுன்னு யோசிங்க.

கிளியரன்ஸ் வந்தப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ஜூன் 1, டிசம்பர் 1-ன்னு கம்ப்ளையன்ஸ் ரிப்போர்ட் (கிளியரன்ஸ்ல சொன்ன நிபந்தனைங்கள கடைப்பிடிக்கிறோம்னு காட்டுற அறிக்கை) போடணும், அத யார் பண்றது, எவ்வளவுன்னு முதல் ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிடுங்க. இந்த வேலைக்கு மட்டும் யோசிக்காம பக்கத்துல இருக்குற லோக்கல் ஆள போட்டுடலாம்.