மொட்டைமாடியில் குழாயும் தொட்டியும்: மூன்று ஆண்டு அனுபவம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பக்கம் 40 துளை போட்ட பிவிசி குழாய்கள்; டிரம்மில் இருக்கும் உரக் கரைசலைப் பம்ப் இவற்றுக்குள் சுற்றவிடும், துளைகளில் வைத்த செடிகள் மண்ணில்லாமல் அதிலேயே வளரும். எதிர்ப்பக்கம் செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு கலந்த தொட்டிகள். 2022 ஆகஸ்டில் இரண்டையும் ஒன்றாகவே தொடங்கினேன். மண்ணில்லா விவசாயத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் தண்ணீர் மிச்சம், களை இல்லை என்பார்கள். இரண்டும் உண்மைதான். அவர்கள் சொல்லாமல் விடுவது மே மாதத்தை.

முதல் கார்த்திகையில் குழாயில் வைத்த லெட்யூஸ் என்ற சாலட் கீரை 40 நாளில் தட்டுக்கு வந்தது. அதே நாளில் மண்ணில் ஊன்றியது அப்போதுதான் உள்ளங்கை அளவு விரிந்திருந்தது. மிதப்பில் கோடையிலும் தொடர்ந்தேன். கத்திரி வெயில் தொடங்கிய வாரம் டிரம்மில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 34 டிகிரி. நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்; வேர் மூச்சுத் திணறும், அழுகல் நோய் உள்ளே வரும். வெள்ளை நூலாக இருந்த வேர் பழுப்பேறிக் கொழகொழத்துக் கிடந்தது. விரலால் இழுத்தேன், தோல் மட்டும் கழன்று வந்தது. கையில் சாக்கடை வாடை. டிரம்முக்கு ஈரச் சாக்கு சுற்றி, உறைந்த தண்ணீர் பாட்டில்களை மிதக்கவிட்டும் 3 டிகிரிதான் இறங்கியது.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உரம் சேர்க்கும் முன்பே டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900. லெட்யூஸுக்கு அதுவே அதிகம் என்பதால் சுத்திகரித்த நீரோ மழைநீரோதான் ஊற்ற வேண்டும். உரக் கரைசல் ஏ, பி என்று இரண்டு புட்டிகளில் வருவது ஏன் என்று யோசிக்காமல், இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றினேன். சுண்ணாம்புத் தண்ணீர்போல் வெளுத்துவிட்டது. கால்சியமும் சல்பேட்டும் அடர்த்தியாகச் சேர்ந்தால் ஜிப்சமாகப் படிந்துவிடும். பிறகு அளந்து அளந்து கலப்பதைப் பார்த்த அம்மா, “கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பால் கலக்கியதில்லையடா” என்றார்.

18 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 13 யூனிட்தான். செலவு பொருட்டில்லை, மின்வெட்டுதான் பயம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. டிரம் நிரம்பி வழிந்து உரமெல்லாம் மழையோடு போனது, மின்சாரமும் இல்லை. தொட்டியில் முளைக்கீரை அழுகியது. கத்தரியும் கறிவேப்பிலையும், அடித்துளை அடைப்பைக் குச்சியால் குத்திவிட்டதும் நிமிர்ந்துகொண்டன.

இப்போது கார்த்திகை முதல் மாசி வரை குழாயில் லெட்யூஸ், பாலக், புதினா. கத்தரி, வெண்டை, மிளகாய் எப்போதும் மண்ணில்தான். பங்குனி பிறந்ததும் பம்பைக் கழுவி எடுத்து வைத்துவிடுகிறேன். காலியான குழாய்ச் சட்டத்தின்மேல் முறங்களைப் பரப்பி அம்மா வடகம் காய வைக்கிறார்.