ஐடியில் புள்ளி இருந்தால் அந்த எலிமென்டைத் தேட எந்த வழி நல்லது?

வலைப்பக்கத்தின் ஓர் உறுப்புக்கு, அதாவது எலிமென்டுக்கு, வைக்கும் தனிப்பெயரான ஐடியில் இடைவெளி தவிர எந்த எழுத்தும் வரலாம் என்று எச்டிஎம்எல்5 தாராளமாக விட்டுவிட்டது. எலிமென்டுகளைத் தேர்ந்தெடுக்க எழுதும் சிஎஸ்எஸ் செலக்டர் அப்படி விடாது, அதற்குப் புள்ளி என்றால் கிளாஸ் (பல எலிமென்டுகளுக்குப் பொதுவாக வைக்கும் பெயர்), முக்காற்புள்ளி (:) என்றால் சூடோ கிளாஸ் (எலிமென்டின் நிலையைக் குறிப்பது). சர்வரே ஐடிகளை உருவாக்கித் தரும் ஒரு புராஜெக்டில் இந்த இரண்டும் எங்கு பார்த்தாலும் இருந்ததால், ஏதாவது ஒரு வழியை முடிவு செய்தே ஆக வேண்டியிருந்தது. நான் எடுத்தது, ஐடியை வைத்து எலிமென்டைத் தேடித்தரும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான கெட்எலிமென்ட்பைஐடி.

அதில் செலக்டர் என்ற பேச்சே இல்லை. "ரசீது.தொகை" என்று கொடுத்தால் அதே எழுத்துகளைத்தான் தேடும். செலக்டரை வைத்துத் தேடும் க்வெரிசெலக்டரில் "#ரசீது.தொகை" என்று எழுதினால், ரசீது என்ற ஐடியும் தொகை என்ற கிளாஸும் சேர்ந்த ஒன்றைத் தேடிவிட்டு, இல்லையென்றால் சத்தமே இல்லாமல் நல் (null, எதுவும் இல்லை) என்று திருப்பும். முக்காற்புள்ளி இருந்தால் பெரும்பாலும் பிழையாவது வரும், புள்ளியில் அதுவும் கிடையாது.

சரி, புள்ளிக்கு முன் பேக்ஸ்லாஷ் (\) போட்டு அதை வெறும் எழுத்தாக எடுக்கச் சொன்னால் போதாதா? வேலை செய்யும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் சரத்துக்குள் அது "#ரசீது\\.தொகை" ஆகிவிடுகிறது, ஐடி எண்ணில் தொடங்கினால் இன்னும் மோசம், "5அறை" என்பதற்கு "#\\35 அறை" என்று எழுத வேண்டும். எனக்கு முடிவைத் தந்தது இதுதான்: நாளைக்கு ஒருவர் டெம்ப்ளேட்டில் அந்த ஐடியை மாற்றப்போகிறார், மாற்றும் முன் "ரசீது.தொகை" என்று புராஜெக்ட் முழுக்கத் தேடுகிறார், எச்டிஎம்எல் வரி கிடைக்கிறது, பேக்ஸ்லாஷ் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் வரி கிடைப்பதில்லை. வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து மாற்றிவிடுவார். ஐடி ஒரே வடிவத்தில் எல்லா ஃபைலிலும் இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

[ஐடி="ரசீது.தொகை"] என்ற ஆட்ரிபியூட் செலக்டரிலும் ஐடி மாறாமல் இருக்கும். ஸ்டைல்ஷீட்டுக்கு அதையே சொல்வேன், ஆனால் அதன் முன்னுரிமை கிளாஸ் அளவுதான், # போட்டு எழுதிய விதியிடம் தோற்கும்.

கெட்எலிமென்ட்பைஐடியை ஒரு எலிமென்டின் மேல் அழைக்க முடியாது, டாக்குமென்டிலிருந்துதான் தேட வேண்டும். ஐடி ஒரு மாறியில் வந்து, அதை நீளமான செலக்டருக்குள் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் தேவையான பேக்ஸ்லாஷை அதுவே போட்டுத்தரும் சிஎஸ்எஸ்.எஸ்கேப் இருக்கிறது, ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் 3.0 முதல் எஸ்கேப்செலக்டரும் உண்டு. இவற்றை நான் சில இடங்களில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன், அங்கே குறை எதுவும் தெரியவில்லை. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் சிஎஸ்எஸ்.எஸ்கேப் கிடையாது.