நேர்கோடு கண்ணாடியிலா, மென்பொருளிலா?

கேனான் ஆர்எஃப் 16 மிமீ அகலக்கோண லென்ஸ் 165 கிராம்தான். சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அதன் ரா படத்தை, அதாவது கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பை, திருத்தாமல் திறந்தால், ஓரத்தில் இருக்கும் கதவு நிலை பீப்பாய் மாதிரி வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். மென்பொருள் அதை நிமிர்த்திவிடும். அதற்காக மூலைகளை இழுத்து விரிக்கிறது, விளிம்பைக் கொஞ்சம் வெட்டியும் விடுகிறது. மூலையில் உள்ள செங்கலும் இலையும் குழைந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

லாவோவா 15 மிமீ ஜீரோ-டி லென்ஸ், கோட்டைத் தன் கண்ணாடியிலேயே கிட்டத்தட்ட நேராக வைத்திருக்கிறது. எடை சுமார் 500 கிராம், ஃபோகஸ் கையால்தான். கட்டடம் எடுப்பவருக்கு இதைத்தான் சொல்வேன். பயணத்துக்குக் கேனான் போதும். அப்புறம், ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடுவது இரண்டிலும் உண்டு. நேர்கோட்டைக் காக்கும் எந்த அகலக்கோண லென்ஸும் அப்படித்தான் இழுக்கும்.